பொருக்கு இல்லை என்றால் உண்ணிக்காய்ச்சலும் இல்லையா?

கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் ஓயாது. திருவாரூர் பக்கத்து வரப்பெல்லாம் புல் மண்டிக் கிடக்கும் சமயம் அது. வரிசையாக நாலு பேருக்கு டெங்கு என்றால், ஐந்தாவது ஆளுக்கும் அதுதான் என்று மனசு முடிவு கட்டிவிடும். கண்டதை வைத்துப் பொதுவாக ஒன்றைச் சொல்லும் இந்தத் தொகுத்தறிதலை நான் குறை சொல்ல மாட்டேன். எதை முதலில் தேடுவது என்று காட்டுவது அதுதான். அங்கேயே நின்றுவிடுவதுதான் ஆபத்து.

போன மழைக்காலத்தில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா வந்தார். ஒரு வாரமாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. டெங்கு, மலேரியா இரண்டும் இல்லை. புதரோரம் உட்கார்ந்து எழுகிறவர்களுக்கு உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்; புல், புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது) வந்து பார்த்திருக்கிறேன். சரி, இதுவும் அதுவானால் பூச்சி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருக்கலாம், தேடிப் பார்ப்போம். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்ததைக் கணித்துச் சோதிப்பது உய்த்தறிதல்.

"எங்கயாச்சும் புண்ணு இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

அது பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அவருக்கு எப்படித் தெரியும்? திரையை இழுத்துவிட்டு அக்குள், மார்புக்கு அடியில் என்று நானும் நர்ஸம்மாவும் பார்த்தோம். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் தடத்துக்குக் கீழே இருந்தது: பீடி நெருப்பு சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும். 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது இதற்கு அப்புறம்தான். பொருக்கு இல்லை, அதனால் உண்ணிக்காய்ச்சல் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பலருக்குப் பொருக்கே வராது. முதல் சில நாட்களில் ரத்தப் பரிசோதனையும் 'இல்லை' என்றே காட்டலாம். மருந்து கேட்டுவிட்டது, அதனால் உண்ணிக்காய்ச்சல்தான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு வழியாக வரும் எலிக்காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் கேட்கும். வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் நம் ஜனங்களுக்கு அதுவும் வரக்கூடியதுதான். அதனால்தான் கண் சிவந்திருக்கிறதா, கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

சிகிச்சை தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும் நோய் உண்ணிக்காய்ச்சல். காய்ச்சல் விடாமல் அடித்தால், எந்த மருத்துவரிடம் போனாலும், வரப்பில் புல் அறுத்தேன், ஆடு மேய்த்தேன் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.