ஆனிச் சாரலுக்கு ஒரு நூடுல்ஸ் சூப்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் திருநெல்வேலி வரை ஈரக்காற்று வந்துவிடும்; அப்படியொரு ஆனி மாலையில்தான், மசாலாத்தூள் பொட்டலத்தையும் எண்ணெயையும் ஒதுக்கிவிட்டு, சீன முறையில் காய்கறி நூடுல்ஸ் சூப் வைத்துப் பார்த்தேன்.

சுவையெல்லாம் சாற்றில்தான் இருக்கிறது. பாளையங்கோட்டைச் சந்தையில் வாங்கிய காளானின் தண்டுகள், கேரட், முட்டைக்கோசின் நடுத்தண்டு, நசுக்கிய இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஆகியவற்றை 1 லிட்டர் தண்ணீரில் 30 நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். சோயா சாஸ் 2 தேக்கரண்டி போதும். அதிலேயே உப்பு மிகுதி என்பதை மறந்து, முதல்முறை தனியே உப்பிட்டு, உப்புக் கரித்ததால் எல்லாவற்றையும் கீழே கொட்டினேன். கோதுமை நூடுல்ஸைச் சாற்றிலேயே வேகவைத்தால் மாவு கரைந்து கஞ்சியாகிவிடும். தனியே வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசி, கிண்ணத்தில் இட்டு, மேலே கொதிக்கும் சாற்றை ஊற்ற வேண்டும்.

தேங்காய்ப்பாலில் வைத்து எலுமிச்சை பிழியும் சொதிக்குப் பழகிய அம்மா, ஒரு வாய் குடித்துவிட்டு, "எலுமிச்சம்பழம் பிழியலியாலே?" என்று கேட்டார்கள். பிழிந்தேன், நன்றாகத்தான் இருந்தது.