கவரில் வரும் இலைகள்

கோவையில் ஒரு நர்சரியில் எனக்கு வேலை. செடி விற்பது என்று பெயர்தான். பாதி நாள் போவது, ஏற்கெனவே விற்ற செடிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வருகிறவர்களோடு. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே வாடிப்போன ஓர் இலை. இப்போதெல்லாம் இலைக்குப் பதில் போனில் படம். எதுவாக இருந்தாலும் மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு என்ன மருந்துங்க அடிக்கோணும்?"

பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடியவை சில உண்டு. ரோஜா இலைமேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் சாம்பல் நோய். எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் இலைத்துளைப்பான். மற்றதெல்லாம் மஞ்சள், கருகல், உதிர்தல், வாடல் என்றுதான் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் பத்துக் காரணம் இருக்கும். அதனால் இலையை ஓரமாக வைத்துவிட்டு நான் கேள்வி கேட்க ஆரம்பிப்பேன். தொட்டியா, தரையா? வெயில் எந்த நேரம் படுகிறது? கார்ப்பரேஷன் தண்ணீரா, போர் தண்ணீரா? கடைசியாக அந்த இடத்தில் என்ன மாறியது? வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் பிரஷ் கழுவின தண்ணீரை வேரில் ஊற்றியிருப்பார்கள். கொத்தனார் சிமெண்ட் குழைத்த சட்டியை அங்கேயே அலம்பியிருப்பார். மாடியில் தண்ணீர் டேங்க் வைத்ததில் தொட்டி நிழலுக்குப் போயிருக்கும். இதையெல்லாம் யாரும் தானாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

எல்லோரும் பெருமையாகச் சொல்வது ஒன்று உண்டு. "தண்ணியெல்லாம் காலைல சாயந்தரம் ரெண்டு நேரமும் தவறாம ஊத்தறனுங்க." எனக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். வீட்டுத் தோட்டத்தில் செடிகள் பூச்சியால் சாவதைவிடத் தண்ணீரால் சாவது அதிகம் என்பது கவுண்டரில் நின்று பார்த்த என் கணிப்பு. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது, இலை வாடும். அதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். தாகத்தில் வாடிய செடி, தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். அழுகலில் வாடியது நிமிராது. அடித்தண்டை அழுத்தினால் கொழகொழவென்றிருக்கும், மண்ணை எடுத்து முகர்ந்தால் சாக்கடை வாடை வரும்.

தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட், வந்த பிறகு இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் பிழிந்தால் தண்ணீர் வரும். ஆகவே விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றச் சொல்வேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்களிடம், தட்டில் நிற்கிற தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வேன். அபார்ட்மெண்ட்காரர்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே என்ற பயம், அதனால் தொட்டியின் ஓட்டையையே அடைத்து வைத்திருப்பார்கள். என்ன செய்வது!

இதில் எங்கள் தொழிலின் பங்கும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அலங்காரச் செடிகளில் பெரும் பகுதி ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. லாரியில் குலுங்கி உதிராமல் இருக்கவேண்டும் என்று வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் பிடித்துத்தான் அனுப்புவார்கள். அந்த உருண்டையை அப்படியே தூக்கி, பொலபொலப்பான கலவை போட்ட தொட்டியில் வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். உருண்டை ஒருமுறை காய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு கீழே போய்விடும், வேருக்கு ஒரு சொட்டுப் போகாது. இல்லையென்றால் உருண்டை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. வாங்கிப் போனதும் கவரைக் கிழித்து, உருண்டையை ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்கக் களியை விரலால் மெதுவாகக் கரைத்துவிட்டு நடச் சொல்கிறேன். கறுப்புக் கவரோடு அப்படியே குழியில் வைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது, விற்றவன் சொல்லியிருக்கவேண்டும்.

அடுத்தது மஞ்சள். எந்த இலை மஞ்சள் என்று பார்க்கவேண்டும். கீழே இருக்கிற முதிர்ந்த இலைகள் முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், வேர் அழுகலும் இருக்கலாம். நுனிக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போதவில்லை. கோவையில் இது சகஜம். இங்கே கரிசல் நிலத்தில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாத நிலை. இட்லிப்பூ, குண்டுமல்லி, செம்பருத்தி மூன்றிலும் முதலில் தெரியும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட் உப்பைக் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலைமேல் தெளித்தால் அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வரும். சுவரிலும் துணியிலும் பட்டால் துருக்கறை போகாது, அதையும் சொல்லியனுப்பவேண்டும்.

இந்த மண்ணுக்குத்தான் முட்டை ஓட்டை அரைத்துப் போடுகிறார்கள். யூடியூபில் சொன்னார்களாம். சுண்ணாம்பு ஏற்கெனவே கூடிப்போன மண்ணுக்கு இன்னும் சுண்ணாம்பு! டீத்தூளைப் பால், சர்க்கரையோடு அப்படியே கொட்டி எறும்பை வரவழைப்பவர்களும் உண்டு. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவதை மட்டும் நான் தடுப்பதில்லை. தண்ணீர் கலந்து எப்போதாவது ஒரு டம்ளர் ஊற்றினால் கெடுதல் ஒன்றுமில்லை, ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு திருப்தி.

எறும்பு என்றதும் செம்பருத்தி நினைவுக்கு வருகிறது. ஓர் அம்மா செம்பருத்திக் கொம்பை ஒடித்தே கொண்டுவந்திருந்தார். நுனி முழுக்க வெள்ளை, இலை சுருண்டு மொட்டெல்லாம் முடங்கியிருந்தது. மாவுப்பூச்சி. கொம்பை மேஜைமேல் வைத்து, "கொஞ்ச நேரம் இதையே பாருங்கம்மா" என்றேன். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே கட்டெறும்புகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஓர் எறும்பு நின்று, உணர்கொம்பால் ஒரு பூச்சியின் முதுகைத் தட்டியது. பூச்சியின் பின்பக்கம் பளபளவென்று ஒரு சொட்டு திரண்டது. எறும்பு அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பூச்சிக்குப் போனது. "அட, பால் கறக்குதுங்களே!" என்றார் அந்த அம்மா. சாறு உறிஞ்சுகிற பூச்சி வெளியேற்றுவது இனிப்புத் தண்ணீர். அதற்காக எறும்பு பூச்சியைக் காவல் காக்கிறது, தின்ன வருகிற பொறிவண்டை விரட்டுகிறது. அதனால் எறும்பு ஏறுகிற வழியை முதலில் அடைக்கவேண்டும். சுவரைத் தொடுகிற கிளையை வெட்டிவிடலாம், தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் செங்கல் போட்டு அதன்மேல் வைக்கலாம். ரொம்பச் சுருண்ட நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடவேண்டும். மிச்சத்தை ஹோஸ் பைப்பால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, வெயில் தாழ்ந்தபின் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்போடு நன்றாகக் கலக்கி அடிக்கவேண்டும். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். சோப்புச் சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து அங்கங்கே இலையைப் பொசுக்கும்.

மாவுப்பூச்சி என்றால் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. வேலைக்கு வந்த புதிதில் பப்பாளி மாவுப்பூச்சி இந்தப் பக்கத்தையே ஆட்டிவைத்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2008இல், இதே கோவையில். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. அதன் உடம்பை மூடிய மெழுகுப் பூச்சுக்கு மேல் அடித்த மருந்தெல்லாம் வழிந்து கீழேதான் போயிற்று. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சின்னக் குப்பிகளில் கொடுத்தார்கள். அசெரோஃபேகஸ் என்ற அந்தக் குளவி கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து, உள்ளிருந்தே தின்றுவிடும். மருந்து அடிக்காமல் பொறுத்திருந்த தோட்டங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தவர்கள் குளவியையும் சேர்த்துக் கொன்றார்கள்.

தென்னையிலும் இதே கதைதான். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளை முட்டை. ஈயும் அதன் குஞ்சுகளும் வெளியேற்றுகிற இனிப்புத் தண்ணீர் கீழ் ஓலைகளிலும் அடியில் நிற்கிற கொய்யாவிலும் விழுந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்துவிடும். வீட்டில் இரண்டு தென்னை வைத்திருப்பவர்கள் கரியைப் பார்த்துப் பயந்து ஓடிவருவார்கள். கரி நோயில்லை, மேலே படிந்தது. மைதாவை லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் அப்பளமாகப் பெயர்ந்து விழும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை மரத்தில் கட்டினால் ஈ ஒட்டும். ஓலையில் கறுத்துப்போன குஞ்சுகள் தெரிந்தால் நல்ல சேதி. என்கார்சியா என்ற குளவி உள்ளே முட்டை வைத்திருக்கிறது, அந்த ஓலையை வெட்டி எரிக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

சும்மா விடுங்கள் என்று சொல்வதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. அறுபது ரூபாய் பாட்டிலைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். பத்து நாள் பொறுங்கள் என்றால் எனக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைப்பார்கள். ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே, "இங்க மருந்து இல்லீன்னா சொல்லிப்போடு தம்பி, நான் உரக்கடைக்குப் போறேன்" என்றார். அவருடைய எலுமிச்சையில் புழு. சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரி இலைமேல் கிடக்கும், வளர்ந்தால் இலைப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. நாலைந்து புழுவுக்கு மருந்து எதற்கு? கையால் பொறுக்கிவிடலாம். பெரிய மரமென்றால் அதுவும் வேண்டாம், தின்ற கொழுந்து மறுபடி துளிர்த்துவிடும். பேத்தியிடம் ஒரு புழுவை இலையோடு ஜாடியில் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாரா என்று தெரியாது, உரக்கடைக்குப் போனார் என்று தெரியும்.

கறிவேப்பிலைக்கும் இதே புழு வரும். அங்கே நான் கண்டிப்பு. பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கறிவேப்பிலைக்குக் கேட்டால் கொடுக்கமாட்டேன். நாளைக்குத் தாளிக்கப்போகிற இலை அது. வளரவே இல்லை என்பவர்களுக்கு, கொழுந்தைக் கிள்ளச் சொல்வேன். இணுக்கு இணுக்காக உருவுவதைவிட்டுக் கிளையோடு ஒடித்தால் பக்கத்தில் நாலு வெடிக்கும்.

மரங்களுக்கு யாரும் கவர் கொண்டுவர முடியாது. படம் காட்டுவார்கள். படத்தில் அடிமரத்தைச் சுற்றி டைல்ஸோ சிமெண்டோ தண்டை நெருக்கியபடி தெரிந்தால், வேறு எதையும் பார்க்கவேண்டியதில்லை. உணவெடுக்கிற வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான், அதுவும் கிளை விரிப்புக்கும் வெளியே வரை ஓடுகின்றன. தென்னைக்குத் தண்டை ஒட்டித் தண்ணீரும் உரமும் விடுவது வீண், ஆறடி தள்ளி வட்டப் பாத்தியில் விடவேண்டும். சிமெண்டை நாலடிக்கு உடைத்தெடுங்கள் என்றால், "போன மாசம்தானுங்க போட்டோம்" என்பார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வேப்பமரப் படங்கள் வரத் தொடங்கும். கிளை நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாகி, மரமே செத்ததுபோலத் தோன்றும். நுனிக்கருகல். போமாப்சிஸ் என்ற பூஞ்சாணமும், தேயிலைக் கொசு என்று பெயர் இருந்தாலும் கொசு அல்லாத, சாறு உறிஞ்சுகிற ஒரு பூச்சியும் இதில் சம்பந்தப்பட்டவை. பெரிய மரத்துக்கு உச்சி வரை மருந்தடிப்பது வீட்டுக்காரரால் ஆகிற காரியமில்லை, பெரும்பாலும் தேவையுமில்லை. காய்ந்த குச்சியை எட்டும் உயரத்தில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள் என்பேன். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது. எட்டுகிற காய்ந்த நுனிகளைப் பச்சை தெரிகிற இடம் வரை வெட்டி எரித்துவிடலாம். அதற்குள் சிலர் மரம் வெட்ட ஆளை வரச் சொல்லியிருப்பார்கள். பங்குனி வரை பொறுங்கள், துளிர்க்கிற மரம் அதற்குள் துளிர்த்துவிடும் என்பேன். துளிர்க்காவிட்டால் வாருங்கள், வெட்டுகிற ஆள் நம்பர் என்னிடமும் இருக்கிறது.