வயசாகிவிட்டது என்றே நினைத்தேன், குடலில் சாட்டைப்புழு இருந்தது

எங்கள் நாய் மணிக்குப் பதினொரு வயது முடிந்திருந்த சமயம். மாடி ஏறும்போது மூன்றாவது படியில் நின்றுவிட்டுத்தான் மேலே வருவான். தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது. ரோமம் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று ஆனது. "வயசாச்சுல்ல" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னோம். நானும் அதையே நம்பினேன். நான்கு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

அந்த நான்கு மாதத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். குட்டி நாய்க்குப் புழு இருந்தால் பெரும்பாலும் வயிறு உப்பிவிடும், வாந்தியிலேயே புழு வந்து விழும். வயதான நாய் அப்படிக் காட்டிக்கொடுக்காது. இளைக்கும், சோர்ந்து படுக்கும், விட்டுவிட்டு வயிற்றால் போகும். இத்தனையும் மூப்பிலும் வரும் என்பதால் சந்தேகமே எழாது.

எனக்கு முதலில் உறுத்தியது அவன் மலம். தொடக்கத்தில் கெட்டியாக வரும். முடிகிற நேரத்தில் இளகி, மேலே சளி பூசினாற்போல வழவழவென்று இருக்கும். சில நாள் அதில் நூல் போலச் சிவப்பாக ரத்தம். அப்புறம் ஒரு வாரம் எல்லாம் சரியாகிவிடும். நானும் மறந்துவிடுவேன். மறுபடி வரும்போது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று உணவை மாற்றுவேன். புழு என்ற எண்ணமே வரவில்லை. ஏனென்றால் புழு மாத்திரையைத் தேதி தவறாமல் கொடுத்துவந்தேன்.

அங்கேதான் தவறு. நான் கொடுத்துவந்த மாத்திரையில் இருந்தவை பைரான்டெல், பிராசிகுவான்டெல் இரண்டும்தான். பைரான்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும், பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்கும். சாட்டைப்புழுவுக்கு இரண்டுமே பலிக்காது. மாத்திரை அட்டையைத் திருப்பி அந்தப் பெயர்களை ஒருமுறைகூட நான் படித்ததில்லை. தயவுசெய்து நீங்கள் படித்துவிடுங்கள்.

ஒரு நாள் காலையில் அவன் எழுந்து வரவேயில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, வெளிறிக் கிடந்தது. அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாகவே இருந்தன. ரத்தசோகை இருந்தது. சோடியம் குறைந்து, பொட்டாசியம் ஏறியிருந்தது. அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோயாக இருக்கலாம் என்று அதற்கான சோதனையும் செய்தார்கள். அது இயல்பாக வந்தது. மலப் பரிசோதனையிலும் முட்டை எதுவும் தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருத்துவர்தான் விடவில்லை. சாட்டைப்புழு நிறைய இருக்கும் நாய்க்கும் சோடியம், பொட்டாசியம் இப்படி மாறலாம் என்றார். அந்தப் புழு தினமும் முட்டை போடாது, ஒரு தடவை தெரியவில்லை என்பதற்காகப் புழுவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்றும் சொன்னார். மூன்று நாள் மலத்தைப் புதிதாக எடுத்துவரச் சொன்னார். கழித்தவுடன் ஒரு சிறு கரண்டி அளவு மூடி போட்ட டப்பாவில் எடுத்து, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். காய்ந்துபோனதைப் பொறுக்கிக்கொண்டு போனால் பயனில்லை.

மாதிரியை உப்புக்கரைசலில் கலந்து, சுழற்சி இயந்திரத்தில் சுற்றி, மேலே மிதப்பதை எடுத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது மாதிரியில் கிடைத்தது. என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் எலுமிச்சை வடிவம், இரண்டு முனையிலும் கண்ணாடி போல ஒரு அடைப்பு. மாதக்கணக்கில் வயசு வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஃபென்பென்டசோல் தொடர்ந்து மூன்று நாள் கொடுத்தோம். எடை பார்த்து அளவைச் சொன்னது மருத்துவர்தான், நாமாகக் கணக்குப் போடக் கூடாது. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை, மூன்றாவது மாதம் மறுபடியும். முட்டை வயிற்றுக்குள் போய்ப் புழுவாக வளர்ந்து, அது முட்டை போட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஒரு சுற்றோடு நிறுத்தினால் தப்பித்த இளம்புழுக்கள் வளர்ந்துவிடும்.

மருந்தைவிடத் தோட்டம்தான் பெரிய வேலையாக இருந்தது. இந்த முட்டை ஈர மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் விழுந்த உடனே தொற்றாது, மண்ணில் கிடந்து முதிர்ந்தால்தான் தொற்றும். அதனால் அன்றன்றைக்கே மலத்தை அள்ளினோம். அவன் வழக்கமாகப் போகும் நிழல் மூலையில் செடிகளை வெட்டி வெயில் படும்படி விட்டோம்.

மற்ற புழுக்களுக்கு அடையாளம் வேறு. ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் பெரும்பாலும் நாடாப்புழுவின் துண்டுகள். அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவதால், தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். மலம் கறுத்துத் தார் போலப் போய், ஈறும் வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவாக இருக்கலாம். அது குடலில் கடித்துக்கொண்டு ரத்தம் குடிப்பது. வயதான நாய் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது சுற்று முடிந்து பார்த்தபோது மலத்தில் முட்டை இல்லை. ஈறு சிவந்துவிட்டது, எடையும் ஏறியிருக்கிறது. படியேறும்போது மட்டும் இன்னும் மூன்றாவது படியில் நிற்கிறான். அது மூட்டுவலி என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டோம், அதற்கு மருந்து தனியாகப் போகிறது. அவன் நிற்கும்போது நானும் பக்கத்திலேயே நிற்கிறேன்.