படங்களின் வரிசை

செட்டியார் தெருவில் பூமாலை கட்டும் அம்மாவை மருமகள் எடுத்த படங்களை இன்று மாலை மேசையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தோம்.

கோபுரமும் கூட்டமும் நிறைந்த படங்களைவிட, வாழைநாரின் ஈரத்தில் வெளுத்துச் சுருங்கிய அவரது விரல் நுனிகளே என்னை நிறுத்தின.

அப்படத்தை முதலில் வைத்தபோது அவை விரல்களாக மட்டுமே இருந்தன. வெறுங்கூடையின் படத்துக்கு முன்னால் வைத்ததும் ஒரு நாளின் உழைப்பு முழுவதும் அவற்றில் தெரிந்தது.

1948இல் புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் 'லைஃப்' இதழுக்காக அமெரிக்கக் கிராமத்து மருத்துவர் ஒருவரைப் பல நாள்கள் பின்தொடர்ந்து எடுத்த தொடரில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் கோப்பையுடன் களைத்து நிற்கும் அவரது படம் நம்மை இவ்வளவு வருத்துவதும் முந்தைய படங்களைக் கண்டுவிட்டு அதற்கு வருவதால்தான்.

அந்த அம்மா வீடு திரும்பும் பேருந்துப் பயணம் இத்தொடரில் இன்னும் இல்லை. அவரிடம் அனுமதி கேட்டு, வரும் வெள்ளிக்கிழமை அதையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.