எபேனில் வேலை, ஏ.சி.சி.ஏ. படிப்பு

மொரீஷியஸின் எபேனில் வேலை பார்த்துக்கொண்டு ஏ.சி.சி.ஏ. (பிரிட்டனைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் தகுதி) படிக்கும் எவரும் ஜூன் மாதத் தேர்வுக்குப் பணம் கட்டக் கூடாது என்பேன். சின்னம்மா மகள் போன வாரம் கேட்டது வேறு கேள்வி. "அக்கா, ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்த பிறகு புத்தகத்தைத் தொட எப்படி மனம் வருகிறது?" அவளுக்கு வீடு கத்ர் போர்னில், ஒரு தணிக்கை நிறுவனத்தில் முதல் வேலை. மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போன்ற வேறு சிலருக்கும் உதவலாம்.

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். வெளிநாட்டு முதலீட்டு நிதிகள் மொரீஷியஸில் நிறுவனங்களைப் பதிவு செய்கின்றன. அவற்றின் கணக்கை எழுதுவது, இயக்குநர் கூட்டங்களை நடத்துவது, தணிக்கைக்குத் தயார் செய்வது எல்லாம் எங்களைப் போன்ற மேலாண்மை நிறுவனங்களின் பொறுப்பு. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கை நிதிச் சேவைகள் ஆணையத்திடம் தாக்கல் செய்தாக வேண்டும். என் மேசையில் இருக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை டிசம்பர் 31-இல் ஆண்டை முடிப்பவை. அப்படியானால் கடைசி நாள் ஜூன் 30. ஏ.சி.சி.ஏ.வின் ஜூன் தேர்வு அதே மாதத்தின் தொடக்கத்தில் வருகிறது. மே மாதம் முழுவதும் தணிக்கையாளர்களின் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். வங்கி உறுதிக் கடிதம் வரவில்லை, மதிப்பீட்டு அறிக்கை வரவில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று. அந்த நேரத்தில் படிக்க மனம் வரவில்லை என்று ஒருவர் தன்னையே நொந்துகொள்வதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவரிடம் குறை ஒன்றும் இல்லை. நாள்காட்டிதான் அவருக்கு எதிராக நிற்கிறது.

ஆண்டுக்கு நான்கு தேர்வுப் பருவங்கள்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். மார்ச்சையும் நான் தொடுவதில்லை. ஜனவரியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. அதோடு தைப்பூசக் காவடி. கொடியேற்றியதிலிருந்து பத்து நாள் விரதம், மாலையில் கோவில் பூசை. அந்த மாலைகளில் புத்தகத்தைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போதாததற்குப் புயல் காலம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அலுவலகம் விடுமுறை, வீட்டில் அமைதியாகப் படிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காற்று கூரையை உலுக்கும்போது, மின்சாரம் போய்விட்டபோது, வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு அழைத்து அழைத்துப் பார்க்கும்போது யாருக்கும் பாடம் ஏறாது.

மிஞ்சுவது செப்டம்பரும் டிசம்பரும். ஜூலை, ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், நான் வசிக்கும் வாக்வாவில் நல்ல குளிர்; ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வெளியே போகத் தோன்றாது, அலுவலகத்திலும் தாக்கல் முடிந்த ஓய்வு. அந்த இரண்டு மாதத்தில் என்னால் ஒரு தாளை முழுதாகப் படிக்க முடிகிறது. ஆண்டுக்கு இரண்டே தாள் என்றால் நீளும்தான். மொத்தம் 13 தாள்கள். பட்டப்படிப்பு இருந்தால் அதிகபட்சம் 9 வரை விலக்கு கிடைக்கும், கடைசி நான்கிற்கு எவருக்கும் விலக்கு இல்லை. வேலையோடு சேர்த்துப் பார்த்தால் இது வேகமான பாதையல்ல, ஆனால் நடுவில் உடைந்துபோகாத பாதை.

இனி மனத்துக்கு வருகிறேன். தேர்வுக் கட்டணம் பவுனில். இந்த ஆண்டுகளில் ஒரு பவுனுக்கு ஐம்பது மொரீஷியஸ் ரூபாய்க்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டால் பயத்தில் தானாகப் படிப்போம் என்று அலுவலகத்தில் மூத்தவர்கள் சொல்வார்கள். முன்கூட்டியே கட்டினால் கட்டணம் குறைவு என்பதால் நானும் சீக்கிரமே கட்டிவிடுவேன். ஆனால் பயம் புத்தகத்தைத் திறக்கத்தான் வைக்கிறது. அதற்குள் உட்கார வைப்பதில்லை. பதவி உயர்வும் அப்படித்தான். இரண்டு ஆண்டு கழித்துக் கிடைக்கப் போகும் ஒன்றுக்காக இன்று இரவு எட்டு மணிக்குத் தூக்கத்தை விரட்ட என்னால் முடிந்ததில்லை. என்னை உட்கார வைத்தது மறுநாள் காலை அலுவலகத்தில் திறக்கப் போகும் கோப்பு.

எங்கள் நிதிகளின் கணக்கறிக்கையில் ஒரு குறிப்பு உண்டு. இந்த நிறுவனம் ஒரு முதலீட்டு நிறுவனம், ஆகவே துணை நிறுவனங்களின் கணக்கைத் தன் கணக்கோடு சேர்த்து ஒருங்கிணைக்காமல் நியாய மதிப்பில் (இன்று விற்றால் கிடைக்கும் விலையில்) காட்டுகிறது என்று அது தொடங்கும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் முந்தைய ஆண்டு அறிக்கையைப் பார்த்து அதை அப்படியே எழுதுவார்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். நிதி அறிக்கைத் தாளுக்கு ஒருங்கிணைந்த கணக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். தாய் நிறுவனம், துணை நிறுவனம், நன்மதிப்பு, வெளியார் பங்கு என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டபோது ஒரு கேள்வி எழுந்தது: கட்டுப்பாடு இருந்தால் ஒருங்கிணைக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறார்களே, எங்கள் கோப்புகளில் ஏன் ஒன்றைக்கூட ஒருங்கிணைப்பதில்லை? பாடநூலை மூடிவிட்டு, ஒருங்கிணைப்பு பற்றிய சர்வதேசக் கணக்கு விதியான ஐ.எஃப்.ஆர்.எஸ். 10-ஐயே திறந்தேன். முதலீட்டு நிறுவனம் ஒருங்கிணைக்க வேண்டாம் என்பது அதில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது. முதலீட்டு நிறுவனமாகக் கருதப்பட மூன்று நிபந்தனைகள். முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி அவர்களுக்காக முதலீட்டை நிர்வகிக்க வேண்டும். மதிப்பு உயர்வுக்கும் முதலீட்டு வருமானத்துக்கும் மட்டுமே முதலீடு செய்வதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லா முதலீடுகளையும் நியாய மதிப்பை வைத்தே அளந்து பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை ஒரு நிதியின் விளக்க ஆவணத்தை எடுத்து, அந்த மூன்றும் எங்கே எழுதியிருக்கின்றன என்று தேடினேன். இரண்டு உடனே அகப்பட்டன. மூன்றாவதற்கான சான்று முதலீட்டாளர்களுக்குக் காலாண்டுதோறும் போகும் அறிக்கையில் இருந்தது. அந்த வாரம் தணிக்கையாளர் அதே குறிப்பைப் பற்றிக் கேட்டபோது, மேலாளர் வாய் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்தேன். பூட்டிய அறைகள் நிறைந்த வீட்டில் ஒரு சாவி கையில் கிடைத்ததுபோல் இருந்தது. அடுத்த அறையையும் திறந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. தங்கச்சி, நீ மனம் என்று கேட்டாயே, எனக்கு அது வந்தது அந்த மாலையில்தான்.

அதன் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. இரவு படிக்கும் பகுதிக்கு நேராக, அது எந்த வாடிக்கையாளரின் கோப்பில் வரும் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்பேன். பெயரை எழுத மாட்டேன், எங்கள் தொழிலில் அது தகாது. கோப்பின் எண் போதும். குறிக்க எதுவுமே கிடைக்காத பகுதிகளும் உண்டு. உற்பத்திச் செலவு மாறுபாடுகளை நான் கசந்துகொண்டுதான் படித்தேன்.

எல்லாவற்றிலும் கடினமானது வரித் தாள். இங்கே பெரும்பாலோர் எழுதுவது பிரிட்டன் வரிச் சட்டத்தை. வருமான வரி விலக்கு 12,570 பவுன், வாரிசு வரி 3,25,000 பவுனுக்கு மேல் 40 சதவீதம், தேசியக் காப்பீட்டுத் தொகை என்று மனப்பாடம் செய்ய வேண்டும். நம் நாட்டில் வாரிசு வரியே கிடையாது. யாருடைய சொத்துக்கு யார் கட்டும் வரியை வாக்வாவில் உட்கார்ந்து கணக்கிடுகிறேன் என்று தோன்றாத மாணவர் இருக்க முடியாது. வகுப்பில் பலர் நின்றுபோகும் இடமும் இதுதான்.

எனக்கு அங்கே வழி காட்டியது ஒரு சிறு பகுதி: ஒரு நிறுவனம் எந்த நாட்டில் வசிக்கிறது என்ற கேள்வி. பிரிட்டனில் பதிவு செய்யாவிட்டாலும், அதன் மைய நிர்வாகமும் கட்டுப்பாடும் அங்கே நடந்தால் அது பிரிட்டனில் வசிக்கும் நிறுவனம்தான். இதைப் படித்தவுடன் எங்கள் அலுவலகம் நினைவுக்கு வந்தது. உள்ளூரில் வசிக்கும் இயக்குநர்கள் குறைந்தது இருவர் வேண்டும், முதன்மை வங்கிக் கணக்கு மொரீஷியஸில் இருக்க வேண்டும், கணக்குப் புத்தகங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம், கூட்டக் குறிப்பில் கூட்டம் எங்கே நடந்தது என்ற வரியை ஏன் இருமுறை சரிபார்க்கிறார்கள் என்பது விளங்கியது. லண்டனில் இருக்கும் ஒருவர் தொலைபேசியில் முடிவெடுத்துவிட்டு எபேனில் கையெழுத்து மட்டும் வாங்கினால், அங்கே வரி கேட்டு வருவார்கள். இந்திய முதலீட்டுக் கோப்புகளுக்கும் இதே வேர்தான். 1982-இல் கையெழுத்தான இந்திய–மொரீஷியஸ் வரி ஒப்பந்தம் 2016-இல் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய இந்திய நிறுவனப் பங்குகளை விற்றால் வரும் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம். எங்கள் அட்டவணைகளில் பங்கு வாங்கிய தேதிக்கென்று ஏன் ஒரு தனிப் பத்தி இருக்கிறது என்பது அதிலிருந்து தெரியும். அன்றிலிருந்து பிரிட்டன் விதி ஒன்றைப் படித்தால், பக்கத்திலேயே நம் நாட்டு விதியையும் எழுதுவேன். தனிநபர் வசிப்பிடத்துக்கு நமக்கு 183 நாள், அல்லது மூன்று ஆண்டுகளில் சேர்த்து 270 நாள். அவர்களுக்கு நாள் கணக்கோடு வேறு பல தொடர்புகளையும் பார்க்கிறார்கள். இப்படி எழுத எழுத, அந்நியமாக இருந்த சட்டம் பேச்சுத் துணையானது. வாரிசு வரி மட்டும் கடைசிவரை மனப்பாடம்தான்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை மெட்ரோவில் வாக்வாவிலிருந்து ரோஸ் ஹில் வரை உட்கார இடம் கிடைக்கும். அங்கே எபேன் வண்டிக்கு மாற வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு அந்தப் பயணம் பொருத்தம். மாலை வண்டியில் நிற்கவே இடமில்லை, அப்போது ஒன்றும் முயல வேண்டாம். நீண்ட கேள்விகளைச் சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர். ஒருத்தி வங்கியில், இன்னொருத்தி சர்க்கரை ஏற்றுமதிக் கணக்கில். எங்கள் வீட்டு உணவு மேசைதான் இடம். அம்மா அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். நேரம் பார்த்து, பேசாமல் எழுதுங்கள் என்று அதட்டுவார். தேர்வு மண்டபத்து அமைதி அவருக்குக் கைவந்த கலை. எங்களில் ஒருத்திக்கு நிதி மேலாண்மையில் 48 வந்தது, தேர்ச்சிக்கு 50. ஜனவரி நடுவில் முடிவு வந்த நாளில் அவள் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மாவே அழைத்து, மேசையில் உன் இடம் அப்படியே இருக்கிறது, வா என்றார். வந்தாள். அவளுடைய விடைகளை நாங்கள் மூவரும் திரும்பப் போட்டுப் பார்த்ததில், மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவு விகிதத்தை எனக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. இருவரும் சேர்ந்து கற்றோம். அவள் இப்போது அந்தத் தாளைக் கடந்துவிட்டாள். தனியாக இருந்திருந்தால் விட்டிருப்பேன் என்று அவளே சொல்கிறாள்; நான் அதை நம்புகிறேன்.

சின்னம்மா மகளுக்குப் பட்டம் இருப்பதால் தொடக்கத் தாள்களில் விலக்கு. நேராகக் கடைசி நான்கில் இறங்க வேண்டும். அந்த நிலையில் முதல் தாளைத் தேர்ச்சி பெற்றதிலிருந்து ஏழு ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கும். அதைக் கேட்டுப் பயந்திருக்கிறாள். ஏழு ஆண்டு போதுமானது, ஆண்டுக்கு ஒரு தாள் எழுதினாலே முடிந்துவிடும். அந்த நான்கில் ஒன்றான வணிகத் தலைமைத் தாளில் தொடங்கு என்றேன். 2023 செப்டம்பரிலிருந்து அதற்குத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே, கேள்வியில் வரப் போகும் நிறுவனத்தின் பின்னணி விவரங்களைத் தந்துவிடுகிறார்கள். மூன்றேகால் மணி நேரத் தேர்வு. தணிக்கைக்குப் போகும் இடங்களில் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை அவள் தினமும் கண்ணால் பார்க்கிறாள். ஓரத்தில் பென்சிலால் குறிக்க அவளுக்கு நிறைய இருக்கும்.

டிசம்பரில் எழுதுவதாக நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தாள். நவம்பரில் அவள் குழுவை எந்த வாடிக்கையாளரிடம் அனுப்பப் போகிறார்கள் என்று மேலாளரிடம் முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.