முதல் திரையில் நடக்கும் தேர்வு

சமூக வலைத்தளச் செயலி ஒன்றில், யாரைப் பின்தொடரலாம் என்று பரிந்துரைக்கும் குழுவில் வேலை செய்தேன். கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "நாம பட்டியல்தானே காட்டினோம், தேர்ந்தெடுத்தது யூசர்தானே?" இதை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை.

புதிதாகச் சேர்பவர் பார்க்கும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக முகங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏற்கெனவே டிக் போட்ட கட்டம். கீழே பளிச்சென்று 'அனைவரையும் பின்தொடர்'. 'இப்போது வேண்டாம்' மட்டும் மூலையில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். சீக்கிரம் உள்ளே போனால் சரி என்றிருப்பவர் எதை அழுத்துவார்? அந்த முகங்களில் ஒருவர் எழுதியதையும் அவர் படித்திருக்க மாட்டார். ஆனால் தரவுத்தளத்தில் அது அவருடைய விருப்பமாகப் பதிவாகிவிடும். பந்தியில் உட்காரும் முன்பே இலை நிறையப் பரிமாறிவிட்டு, அவரே கேட்டு வாங்கினார் என்று கணக்கெழுதுவது மாதிரி. அப்புறம் மாடல், அதாவது யாரைப் பரிந்துரைப்பது என்று முடிவுசெய்யும் நிரல், அந்தக் கணக்கிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது: இவர்களைப் பலருக்குப் பிடிக்கிறது, இன்னும் பலருக்குக் காட்டு.

ட்விட்டரில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2009-இல் புதியவர்களுக்குக் காட்ட, நிறுவனமே பொறுக்கி எடுத்த ஒரு பட்டியல் இருந்தது. அதில் இடம் கிடைத்தவர்களுக்கு ஆட்கள் லட்சக்கணக்கில் குவிந்தார்கள். தொழில்முனைவர் ஜேசன் கலகானிஸ் அந்த இடத்துக்கு 2,50,000 டாலர் தரத் தயார் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2010-இல், யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்டுப் பரிந்துரைக்கும் 'ஹூ டு ஃபாலோ' (யாரைப் பின்தொடரலாம்) வசதி வந்தது. மனிதக் கை விலகியதும் சாய்வும் விலகியிருக்க வேண்டும் அல்லவா? அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. எல்லா மட்டத்தினருக்கும் பின்தொடர்பவர்கள் கூடினார்கள். ஏற்கெனவே பிரபலமாக இருந்தவர்களுக்கு மிக அதிகமாகக் கூடினார்கள்.

காரணம் எளிது. நீங்கள் பின்தொடர்பவர்களில் பலர் பின்தொடரும் ஆளைத்தான் இந்தக் கணக்கு மேலே கொண்டுவரும். பலரும் ஏற்கெனவே பின்தொடர்வது பிரபலங்களை. ஊர்க் குளத்துப் பறவைகளைப் பற்றி அருமையாக எழுதும் ஓர் ஆசிரியர், சில பேரே பின்தொடர்வதால், அந்தத் திரைக்கு வரவே மாட்டார். எனக்கு மனம் ஆறாதது இதில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம், மிகப் பெரிய தளங்கள் பயனரைப் பற்றித் திரட்டி வைத்த விவரங்களைச் சாராத ஒரு பரிந்துரை வழியையாவது தர வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் பெரும்பாலானோர் அமைப்புகள் பக்கம் போவதே இல்லை. முதல் திரையில் எது இருக்கிறதோ அதோடு சரி.

அதனால் நான் விடாமல் கேட்டது இரண்டு. டிக்குகளை எடுத்துவிட்டுக் கட்டங்களைக் காலியாகக் காட்ட வேண்டும். தேடிப் போய்ப் பின்தொடர்ந்ததையும் 'அனைவரையும்' பொத்தானில் வந்ததையும் மாடலுக்குத் தனித்தனியாகக் கொடுத்து, பின்னதற்கு மதிப்பைக் குறைக்க வேண்டும். "வளர்ச்சி எண் விழுமே" என்றார் மேலாளர். விழும் என்றுதான் நானும் சொன்னேன். யாரும் மனதாரத் தேர்ந்தெடுக்காத அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டேன்.