சடக்குக்கு அந்தப் பக்கம் வேறு விடுமுறை

சென்னையில் 11 வருடம் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தேன். வேளச்சேரியில் வீடு, கிண்டியில் அலுவலகம். 2023 ஜனவரி முதல் வாரத்தில் கோலாலம்பூர் கிளைக்கு மாற்றலாகி வந்தபோது வாடகை, சாப்பாடு, தனியாக இருப்பது இவற்றை நினைத்துத்தான் பயந்தேன். வேலையை நினைத்துப் பயமே இல்லை. சம்பளக் கணக்கு எங்கே போனாலும் சம்பளக் கணக்குதானே என்று இருந்தேன்.

பயந்ததெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால், நான்காவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. கீழே இறங்கினால் மல்லிகைப்பூ, இட்லி, தமிழ்ப் பேச்சு. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். அங்கே எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் அலுவலகம் இருக்கும் பெட்டாலிங் ஜெயா வந்துவிடும். வேளச்சேரி ரோட்டில் மழைக்காலத்தில் நின்ற எனக்கு இது பெரிய வரம்.

உடம்புதான் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டது. ஜனவரியில் இங்கே ஏழு மணிக்கும் வெளியே இருட்டு. ஏழே காலுக்கு மேல்தான் விடியும். அலாரம் அடித்தாலும், இன்னும் ராத்திரிதான் என்று கண் சொல்லும். ஊருக்கும் இங்கேயும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அம்மா சீரியல் முடித்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் எனக்கு நடுராத்திரி. பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது. அந்த வருடம் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையாக வந்ததால் அறையிலேயே சின்னக் குக்கரில் வைத்தேன். பொங்கி வழியவில்லை, குக்கர் விசில்தான் அடித்தது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

எங்கள் நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பது. எனக்குக் கொடுத்தது ஒரு காவல் பணி நிறுவனத்தின் கணக்கு. அடுக்குமாடி வீடுகள், அலுவலகக் கட்டடங்கள் வாசலில் நிற்கும் காவலர்கள், அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். சம்பளத்தில் சந்தேகம் இருந்தால் அவர்கள் எங்கள் எண்ணுக்கே அழைக்கலாம். 'தமிழ் தெரிந்தவர், நல்லதாகப் போயிற்று' என்று மேலாளர் சந்தோஷப்பட்டார். நானும்தான்.

கணக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. ஊரில் பி.எஃப். என்றால் தொழிலாளி 12, முதலாளி 12. இங்கே சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடு. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் முதலாளி 13, அதற்கு மேல் 12. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது இரண்டு ஊருக்கும் ஒன்றே. நான் வந்த அதே ஜனவரி 1-ஆம் தேதிதான் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்திருந்தது. அதனால் எனக்கு மட்டும் இல்லை, அலுவலகம் முழுக்க எல்லோருக்கும் அது புதுக் கணக்கு. என் சம்பளத்துக்கு மட்டும் 182 நாள் இங்கே இருந்து முடிக்கும்வரை, வெளிநாட்டுவாசி என்று 30 விழுக்காடு வரி பிடித்தார்கள். சட்டம் அதுதான் என்று தெரிந்தும், என் சம்பளச் சீட்டை நானே தயார் செய்கிற நாளில் மனசு கனத்துப்போகும். வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பி வருகிற பணம்தான். ஆனால் வாடகை அதற்காகக் காத்திருக்காது.

சொற்கள் புதிதாக இருந்தன. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், 'சென்' என்ற சில்லறையைக் காசு என்பார்கள். கார் என்றால் காடி, ரோடு என்றால் சடக்கு. வாசலில் நின்று காவல் பார்ப்பது ஜாகா வேலை. காலையில் சாப்பிடுவது பசியாறுவது. எங்கள் அலுவலகத்தில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து வந்து ஒன்பது வருடமாக இங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். முதல் நாள் அவர் 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்டபோது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஊரில் 'டிபன் ஆச்சா' என்றுதான் கேட்போம். வயிற்றை நேராகத் தொடுகிற மாதிரி ஒரு சொல்லை நாங்கள் எப்போது விட்டோம் என்று தெரியவில்லை. அவர் பேச்சிலேயே விழுக்காடு, வானொலி, மருத்துவமனை எல்லாம் இயல்பாக வரும். நான் பர்சென்ட், ரேடியோ, ஆஸ்பத்திரி என்று பேசுவேன். தமிழ் தெரிந்தவர் என்று என்னைத்தான் அழைத்து வந்திருந்தார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு போன் வந்தது. பெரியவர் குரல்.

"தங்கச்சி, ஹாரி விலாயா பணம் வரலம்மா. நூறு வெள்ளிக்கு மேல கொறையுது."

ஹாரி விலாயா என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சென்னைப் பழக்கம், ஒரு நாளைக்கு நாற்பது போன் எடுத்த கை. கம்ப்யூட்டரில் அலவன்ஸ் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை.

"அப்படி ஒரு அலவன்ஸே இல்லைங்க சார்" என்றேன்.

ஒரு நொடி பேச்சில்லை. அப்புறம் "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் நேரில் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. சீருடை இல்லை, இஸ்திரி போட்ட சட்டை. அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள் என்று பிறகுதான் தெரிந்தது. வாரத்தில் இருக்கும் ஒரே ஓய்வு நாளில், பஸ்ஸும் ரயிலும் மாறி என் மேசைக்கு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், எட்டாக மடித்து. கூடவே ஒரு சின்ன நாட்காட்டித் தாள், ஏதோ மளிகைக் கடை கொடுத்தது. பிப்ரவரி 1-ஐச் சுற்றி நீல மையில் வட்டம். அந்த வட்டத்துக்குள் 'கே' என்று ஓர் எழுத்து. மலாயில் கெர்ஜா, வேலை செய்தேன் என்பதற்காக.

அவர் குரலை உயர்த்தவில்லை. சொல்லிக் கொடுப்பது போலப் பேசினார். ஹாரி விலாயா என்றால் பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம். கூட்டரசுப் பிரதேசம் என்பது நம்ம ஊர் யூனியன் பிரதேசம் மாதிரி. 1974-இல் அந்தத் தேதியில்தான் கோலாலம்பூர் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அதனால் கோலாலம்பூரில் அன்று பொது விடுமுறை. சிலாங்கூரில் கிடையாது, அவர்களுக்கு டிசம்பர் 11, சுல்தான் பிறந்தநாள். "நான் நிக்கிற எடம் கோலாலம்பூர்ம்மா. பழைய கிள்ளான் சாலை. சடக்குல இன்னும் கொஞ்சம் போனாத்தான் பி.ஜே." பி.ஜே. என்றால் பெட்டாலிங் ஜெயா, அது சிலாங்கூர்.

கணினியைப் பார்த்தேன். அவர் வேலை செய்யும் அடுக்குமாடி சிலாங்கூர் என்று பதிவாகியிருந்தது. அந்தக் காவல் நிறுவனத்தின் பெட்டாலிங் ஜெயா கிளை அதைக் கவனிப்பதால், கிளையின் மாநிலத்தையே கட்டடத்துக்கும் போட்டுவிட்டிருந்தார்கள். யாரோ எப்போதோ செய்த பதிவு. ஆனால் பிப்ரவரிக் கணக்கைச் சரிபார்த்துப் பூட்டியது நான். அங்கே அவரோடு சேர்த்து 14 பேர்.

இங்கே சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. 1,500 வெள்ளிக்கு 57 வெள்ளி 69 காசு. பொது விடுமுறையில் வேலை செய்தால், மாதச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி. அதாவது ஓர் ஆளுக்கு 115 வெள்ளி 38 காசு, ஓ.டி. வித்தியாசம் தனி. 14 பேருக்கும் சேர்த்து 1,615 வெள்ளி 32 காசு. இவ்வளவையும் அந்தப் பெரியவர் ஒரு காகிதமும் இல்லாமல் "நூறு வெள்ளிக்கு மேல" என்று ஒரே வரியில் சரியாகச் சொல்லியிருந்தார். நான்தான் பட்டியலில் தேடி, இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான் கேட்டிருக்கணும்" என்றேன். சார் போய் அண்ணே எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.

"பரவால்லம்மா. நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்க. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்தப் பரிவுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊரில் நான் பெங்களூர்க் கிளைக்கும் கணக்குப் போட்டிருக்கிறேன். நவம்பர் 1 அவர்களுக்கு விடுமுறை, நமக்கு இல்லை என்பது தூக்கத்திலும் தெரியும். மாநிலம் மாறினால் விடுமுறை மாறும் என்ற கணக்கு எனக்குப் புதிதே அல்ல. ஆனால் பெங்களூர் ஒரு ராத்திரி ரயில் தூரம். இங்கே நான் தினமும் காலையில் ஒரு மாநிலத்தில் எழுந்து, கால் மணி நேரத்தில் இன்னொரு மாநிலத்தில் இறங்குகிறேன். ரயிலில் அது தெரிவதே இல்லை. கட்டடம் முடியாமல் கட்டடம் வருகிறது. கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூர் போகிற மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்காவின் காடியில் ஃபெடரல் நெடுஞ்சாலை வழியாக வந்தோம். சாலைக்குக் குறுக்கே பெரிய வளைவு ஒன்று, குவிமாடங்களோடு நிற்கிறது. கோத்தா டாருல் ஏசான். பல தடவை கடந்திருக்கிறேன், அலங்கார வளைவு என்றுதான் நினைத்தேன். கோலாலம்பூரைச் சிலாங்கூர் விட்டுக்கொடுத்ததன் நினைவாகக் கட்டியது, எல்லையே அதுதான் என்று அக்கா சொன்னார். "எங்க பினாங்குல ஜூலை 7 லீவு, ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நாள். கே.எல். வந்த முதல் வருஷம் நான் அன்னைக்கு வேலைக்கு வராம இருந்துட்டேன்" என்றார். சம்பளம் பிடித்தார்களாம். ஒன்பது வருடமாகியும் அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறியது.

ஊர் மாறுவதென்றால் புது இடத்தைக் கற்றுக்கொள்வது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னையில் எந்தச் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு லாரி வரும், எந்த மேனேஜரிடம் எந்தக் கிழமை கையெழுத்துக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்தவை. அவை போய்விட்டன என்பதை நான் கவனிக்கவே இல்லை. தெரியும் என்ற தோரணை மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. எட்டாக மடித்த சீட்டோடு அவர் கொடுத்தார்.

14 பேருக்கும் பாக்கியை அடுத்த சம்பளத்தில் சேர்த்தோம். நான் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த நிறுவனத்தின் கட்டடப் பட்டியல் முழுவதையும் எடுத்து, ஒவ்வொன்றும் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க ஆரம்பித்தேன். முகவரியை நம்ப முடியவில்லை. சில இடங்களில் விளம்பரத்துக்காகக் கோலாலம்பூர் என்று போட்டுக்கொள்கிறார்கள். பெரியவரிடமே போனில் கேட்டேன்.

"சுலபம்மா. சடக்கு ஓரத்துல காடி நிக்கிதுல்ல, அதுக்கு சம்மன் யாரு வெக்கிறான்னு பாருங்க. டி.பி.கே.எல். வெச்சா கோலாலம்பூர். எம்.பி.பி.ஜே. வெச்சா சிலாங்கூர்."

சம்மன் என்றால் அபராதச் சீட்டு. டி.பி.கே.எல். கோலாலம்பூர் மாநகர் மன்றம், எம்.பி.பி.ஜே. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம். இரண்டு சனிக்கிழமைகள் அப்படியே நடந்து பார்த்தேன். வாகன நிறுத்தப் பலகைகளில் எந்த மாநகர் மன்றத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் குறித்தேன். இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. ஒரு காவல் கூண்டில் ஒதுங்கி நின்றேன். அங்கிருந்த தம்பி ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக்கை, ஆற்றிய பால் டீயை, நீட்டினான், உறிஞ்சுகுழலோடு. மழை நிற்கும்வரை அவன் தன் இரவு நேர ஓ.டி. கணக்கைச் சொன்னான். இன்னும் மூன்று கட்டடங்கள் தவறாகப் பதிவாகியிருந்தன. அவர்களில் யாரும் கேட்டு வரவில்லை. கேட்டும் பயனில்லை என்று விட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு சிக்கல் மட்டும் பட்டியலில் தீரவில்லை. சில காவலர்களுக்கு நிலையான இடம் கிடையாது. யார் விடுப்போ அவர் இடத்தில் போய் நிற்பார்கள். மூன்று நாள் கோலாலம்பூர், இரண்டு நாள் பி.ஜே., ஒரு நாள் ஷா ஆலம். முழுமையாகவோ பெரும்பாலுமோ எங்கே வேலை செய்கிறார் என்பதைப் பார்க்கச் சொல்கிறது சட்டம். அதைக் கணினி சொல்லாது.

2024 பிப்ரவரிக் கணக்கைப் பூட்டுவதற்கு முன்பு அவர்கள் ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். முதலில் எடுத்தவர் பின்னால் லாரிச் சத்தம்.

"அண்ணே, போன மாசம் எந்தெந்த எடத்துல நின்னீங்க, சொல்ல முடியுமா?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மெதுவா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

அவர் ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பித்தார்.